பதினேழு வீதம்

காக்கைதீவுக்கு அப்பால், களனி
கடலோடு கலங்கும் இடத்தில்
இன்றைய வற்று ஆறு நாற்பதுக்கு.
நீர் திரும்புமுன் எண்ணி முடிக்கவேண்டும்.

நட்டது ஆயிரத்து இருநூறு.
நட்ட நாளின் படம் அலுவலகச் சுவரில்:
வெள்ளை ரீசேர்ட், கையுறை, பதாகை.
படத்தில் ஒரு கன்றும் சாகவில்லை.

முழங்கால்வரை இறங்குகிறேன்.
கரையில் நின்று எழுதுகிறாள் ருஷாந்தி.
"நாலாம் வரிசை, பதினொன்று?"
குச்சி நிற்கிறது. நைலோன் கயிறு இருக்கிறது.
கயிறு கட்டியிருந்தது எதையென்று
கயிற்றுக்குத்தான் தெரியும்.
"பன்னிரண்டு?"
ஒற்றைச் செருப்பு, இடதுகால்.
"பதின்மூன்று?"
இரண்டு இலை. இரண்டும் நுனி கருகியவை.
நகத்தால் தண்டைக் கீறுகிறேன்.
உள்ளே பச்சை.
"எழுதும், உயிர்."
அவளுடைய பேனை ஒருகணம் தயங்குகிறது,
இரண்டு இலைக்கு அந்தச் சொல்
தொளதொளவென்று இருக்கும் என்பதுபோல.

ஒன்பது மணிக்கு முகாமையாளரின் அழைப்பு.
இருநூற்று நான்கு, என்கிறேன்.
வகுத்துப் பார்க்கும் மௌனம்.
"பதினேழா?
சந்தேகமானவற்றையும் சேர்த்தால்?"
எல்லாமே சந்தேகமானவைதான், சேர்.

திரும்பும் வழியில்,
போன வெள்ளத்தில் தண்ணீர் வடிய
மாநகரசபை ஜேசிபி அணையைக் கிழித்த இடம்.
யாரும் பிறகு அடைக்கவில்லை.
கடல் அதனூடாக உள்ளே வருகிறது, போகிறது,
சொந்த வீடுபோல.
அங்கே, பிளாஸ்ரிக் போத்தல்களுக்கு நடுவில்,
வெண்கண்டல்.
விரலளவு, சாணளவு, வரிசை இல்லாமல்,
ஒன்றின்மேல் ஒன்று விழுந்தடித்துக்கொண்டு.
யாரும் நடவில்லை. மிதந்து வந்து
பிடித்த இடத்தில் இறங்கிக்கொண்டவை.
முந்நூற்று நாற்பதுவரை எண்ணினேன்.
அதற்குள் நீர் ஏறிவிட்டது.

படிவத்தில் இவற்றுக்குக் கட்டம் இல்லை.
இலக்கத் தகடு இல்லாதது
பிழைத்ததும் இல்லை, செத்ததும் இல்லை.

மட்டக்குளி பஸ்ஸில்
பக்கத்து இருக்கைப் பெண் சேலையை ஒதுக்கிக்கொள்கிறாள்.
என் காலில் சேறு காய்ந்து
வெடிக்கத் தொடங்கியிருக்கிறது.
மடியில் படிவம்.
அடுத்த வருட இலக்கு
ஏற்கனவே அச்சிட்டிருக்கிறார்கள்: மூவாயிரம் கன்று.
கடைசியில் 'வேறு குறிப்புகள்' என்று
இரண்டு வரி இடம்.
பஸ் குலுங்கக் குலுங்க எழுதுகிறேன்,
எழுத்துக் கோணுகிறது, பரவாயில்லை:

உடைந்த அணையைத்
தயவுசெய்து திருத்தவேண்டாம்.