கொசுவம்

கல்லுக்கட்டிப் பக்கம் கடை பிடித்து
ஒன்பது நாள். பெயர் வைக்கவில்லை.
போர்டுக்குக் காசு போதாமல்
ஷட்டரிலேயே எழுதச் சொன்னேன்:
கொசுவம்.
கீழே சின்னதாக,
சேலை மடித்துத் தேய்த்துத் தரப்படும்.
பெயின்டர் சந்தியாகு ஏணியில் நின்றபடி திரும்பினார்.
"கொசு மருந்துக் கடைன்னு நெனச்சிருவாக தாயி."

நினைத்தார்கள்.
முதல் நாளே ஒருத்தர் கொசுவத்தி கேட்டார்,
இன்னொருத்தர் பேட்டு.
காரைக்குடி முழுக்க டெங்குக் காய்ச்சல் வேறு.

வேறு பெயர் தேடித்தான் நூலகத்துக்குப் போனேன்.
தடித்த அகராதி
'கொய்சகம் காண்க' என்று
அடுத்த பக்கத்துக்குத் துரத்தியது.
அங்கே போனால், கொய்.
பூக் கொய்தல்.
கதிர் கொய்தல்.
கடைசியில், போகிற போக்கில் சொன்னதுபோல்,
சீலை கொய்தல்.

கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் பார்த்துக்கொண்டேன்.
பூப் பறிக்கிற அதே இடுக்கு.
பூவைக் கொய்தால் செடியில் ஒன்று குறையும்.
சேலையைக் கொய்தால்
ஆறு கஜமும் ஆறு கஜமாகவே இருக்கிறது.

இந்தச் சொல்லையும் யாரோ
அவசரத்தில் உடுத்தியிருக்கிறார்கள்.
'ய்' மடிப்புக்குள் போய்விட்டது.
'க' திரும்பி 'வ' என்று வெளியே தெரிகிறது.
செருகிய இடம்
இழுத்துப் பார்த்தால்தான் தெரியும்.

திரும்பி வந்தால் வாசலில் மெய்யம்மை.
கையில் அரக்குக் கண்டாங்கி.
நாளைக்குப் பதிவு அலுவலகம்,
வீட்டில் ஐம்பத்திரண்டில் ஒரு பங்கை
எழுதிக் கொடுக்கப் போகிறாளாம்.
"முன்கொசுவமா, பின்கொசுவமா?"
"பின்னாலயே வையி.
கையெழுத்துப் போடக் குனியும்போது
முன்னால எதுவும் தடுக்கக் கூடாது."
முரட்டுப் பருத்தி. படியவே இல்லை.
எட்டு மடிப்பு, பதினோரு கிளிப்பு,
நீராவியில் என் முகம் வெந்தது.
பதினோரு மணிக்கு
ஒரு பிரிவு மட்டும் துருத்திக்கொண்டு நின்றது.
அப்படியே கொடுத்துவிட்டேன்.

பெயரை மாற்றவில்லை.
சந்தியாகுக்கு மறுபடி கூலி கொடுக்க முடியாது,
அது ஒரு காரணம்.

காலையில் ஷட்டரைத் தூக்குகிறேன்.
முதலில் 'ம்'மின் புள்ளி சுருளுக்குள் போகிறது,
பிறகு எல்லா எழுத்தின் தலையும்,
வரிவரியான தகரத்தில் கால்கள் கடைசியாக.
திறந்திருக்கும் நேரமெல்லாம்
என் கடைக்குப் பெயர் இல்லை.
பூட்டிய பிறகுதான் அது விரிந்து தொங்குகிறது,
மேட்டில் பாதி, பள்ளத்தில் பாதி.

கேட்கிறவர்களுக்கு இருக்கட்டும் என்று
ஒரு டஜன் கொசுவத்தியும்
வாங்கி வைத்திருக்கிறேன்.
நன்றாகப் போகிறது.