இல்லாத அரைமணி

பாயான் லெப்பாஸ், ஏழாவது மாடி.
மூடிப்போன ஒரு பிரசவ மருத்துவமனையின் ஏடுகளைப்
புது மென்பொருளுக்குக் குடியேற்றும் வேலை.
அறுபத்திரண்டாயிரம் பிறப்புகள்.
ஒவ்வொன்றும் ஓர் எண்ணாகும்:
எழுபதாம் ஆண்டு பிறந்த கிரீன்விச் நள்ளிரவிலிருந்து
இத்தனை நொடி தள்ளி என்று.
அதற்கு முன்னால் வந்தவர்களுக்குக் கழித்தல் குறி.
என் அம்மாவும் அங்கே கழித்தல்தான்.

அதிகாலை இரண்டு மணிக்கு ஒரு வரி நின்றது.
சிவப்பு எழுத்தில்:
அப்படி ஒரு நேரம் கிடையாது.

1981 டிசம்பர் 31, இரவு 11.42.
பெண். இரண்டு கிலோ எழுநூறு.
தாய் பெயர் அஞ்சலாட்சி, பாயா தெருபோங்.

தேடிப் பார்த்த பிறகுதான் எனக்கே தெரியும்.
அந்த இரவு பதினொன்றரைக்குத்
தீபகற்பம் முழுக்கக் கடிகாரத்தை அரைமணி தள்ளிவைத்தார்கள்,
கடல் தாண்டிய சபாவோடும் சரவாக்கோடும்
ஒன்றாக மணியடிக்க.
பதினொன்று இருபத்தொன்பதுக்கு அடுத்த நிமிடம் புத்தாண்டு.
நடுவில் முப்பது நிமிடம்
யாரும் பிறக்கவில்லை, யாரும் சாகவில்லை,
சட்டப்படி.

என் நிரல் சட்டம் படித்திருந்தது.
பிரசவ அறைக் கடிகாரம் படிக்கவில்லை.
நாற்காலி போட்டு ஏறி முள்ளைத் திருப்ப
அன்றைக்கு யாருக்குக் கை ஒழிந்திருக்கும்?

"அரைமணி கூட்டிப் போடு லா,"
எதிர்மேசையில் சியூ லிங்.
"எண்பத்திரண்டு, ஜனவரி ஒன்று, 12.12. ஒரே வரி."

கூட்டினால் நொடிக்கணக்கு பிசகாது.
கணம் இருந்த இடத்திலேயே இருக்கும், பெயர்தான் மாறும்.
ஆனால் பெயர் மாறினால்
முதலாம் வகுப்பு ஓர் ஆண்டு தள்ளிப்போகும்.
பழைய கணக்கே தெரிந்த ஜோசியர்
புது மணியை வாங்கிக் கட்டம் போட்டால்
ஒன்றேகால் நாழிகை வழுக்கி
சிம்ம லக்கினம் கன்னியாகிவிடும்.
மார்கழிக்கு மட்டும் கவலையில்லை,
சூரியன் வரும்வரை அதற்கு அதே நாள்தான்.

சரி, கூட்டிவிடலாம் என்று
ஏட்டின் ஸ்கேன் பக்கத்தை ஒருமுறை திறந்தேன்.
அடுத்தடுத்து நாலு பிறப்பு:
12.20, 2.05, 3.50, 6.15.
அதற்குக் கீழே, ஏழு மணிக்கு எதிரே,
தாதி சலேஹாவின் சாய்ந்த கையெழுத்தில் மலாயில்:
கடிகாரம் திருத்தப்பட்டது.

ஏழு மணிக்கு.

அப்படியானால் அந்த நாலும் தப்பு.
நாலும் அரைமணி பிந்தியவை.
ஒன்றைக்கூட என் நிரல் தடுக்கவில்லை,
பச்சை விளக்கில் கும்பிட்டு உள்ளே விட்டது.
நடக்கவே முடியாத நேரத்தைச் சொன்னதால்
பிடிபட்டது அஞ்சலாட்சியின் மகள் மட்டும்.
நடந்திருக்கக்கூடிய பொய்கள்
வரிசையில் நல்ல பிள்ளைகளாய் உட்கார்ந்திருந்தன.

இப்படி இன்னும் எத்தனையோ.
நின்றுபோன பேட்டரிகள்,
தூக்கக் கலக்கத்தில் எழுதிய ஏழுகள், ஒன்றுகள்.

ஐந்துக்கும் அரைமணி கூட்டினேன்.
அட்டவணையில் புதிதாக ஒரு பத்தி சேர்த்தேன்:
ஏட்டில் எழுதியபடி.
அது எண் அல்ல, வெறும் எழுத்து.
எந்த மண்டலமும் அதைத் தொடாது.

"அஞ்சு பேருக்காக
அறுபத்திரண்டாயிரம் காலிக் கட்டமா?"
சியூ லிங் தலையில் கை வைத்தாள்.

நான் பதில் சொல்லவில்லை.
இரவு 11.42 என்று தட்டினேன்.
ஓட்டத்தை மறுபடி தொடங்கினேன்.
கீழே ஓடுபாதையில்
கோலாலம்பூருக்கான முதல் விமானம்
பன்னிரண்டு நிமிடம் தாமதமாக விளக்குப் போட்டது.