முங்கிய எடை

அயோத்தியாபட்டணம் தாண்டியதும்
ஜன்னல்வழி ஒரு புளித்த வாடை ஏறும்.
அதுதான் எங்கள் ஜவ்வரிசி மில்.
ஒன்பது வருடமாக
எடைமேடையை ஒட்டிய அறையில்
மரவள்ளிக்குப் பாயிண்ட் பார்க்கிறேன்.

பெரிய வேலையில்லை.
லாரியிலிருந்து ஐந்து கிலோ எடுத்து
கம்பிக்கூடையில் போட்டு
தண்ணீரில் முக்க வேண்டும்.
மாவுள்ள கிழங்கு
தண்ணீருக்குள்ளும் கனக்கும்.
முள் நிற்கும் இடம் பாயிண்ட்.
பாயிண்ட்தான் விலை.

முள் இருபத்தாறில் நிற்கும்.
நான் இருபத்துநாலு என்று எழுதுவேன்.
அப்படி எழுதச் சொல்லி
முதலாளி ஒருநாளும் சொன்னதில்லை.
முதல் வாரம் நோட்டைப் புரட்டிவிட்டு
"பார்த்து எழுதும்மா" என்றார்.
பார்த்ததை எழுது என்று சொல்லவில்லை,
எனக்குப் புரிந்துவிட்டது.

கள்ளத்தராசு பற்றிய வசனம் எனக்கு மனப்பாடம்.
பதினோரு வயதில் செவ்வாய்ப்பேட்டை சபையில்
அதைச் சொல்லித்தான் எவர்சில்வர் டம்ளர் வாங்கினேன்.
'ச. கிருபாவதி, முதல் பரிசு'
புள்ளி புள்ளியாக வெட்டியிருக்கும்.
அதில் தண்ணீர் குடித்துவிட்டுத்தான்
இருபத்துநாலு என்று எழுதுவேன்.

ஜெபம் நின்றுவிட்டது என்றும் சொல்ல முடியாது.
சாப்பாட்டுக்கு முன் உதடு அசையும்.
ஞாயிறு சாட்சி நேரத்தில்
ஒருவருக்குச் சிறுநீரகக் கல் கரைந்திருக்கும்,
ஒருவருக்கு வீட்டுக்கடன் கிடைத்திருக்கும்.
எழுந்து நிற்க எனக்கு ஒன்றும் இருக்காது.
ஆண்டவரே, என்னோடு மட்டும் ஏன் பேசுவதில்லை என்று
சுற்றும் ஃபேனைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

போன செவ்வாய்க்கிழமை
கருமந்துறைப் பக்கமிருந்து ஒரு மினிலாரி.
கூடையை முக்கினேன்.
காற்றில்லை.
வடக்கே சேர்வராயன் மலைமேல்
மேகம் எழுந்திருக்க மனமில்லாமல் உட்கார்ந்திருந்தது.
கூடை ஆடி, ஆடி,
நின்றது.
தண்ணீரும் நின்றது.

எனக்கும் பத்தொன்பது வயதில்
இதைவிடப் பெரிய தொட்டியில்
முழுக்குக் கொடுத்தார்கள்.
ஈரத்தோடு ஏறி வந்தபோது எல்லோரும் பாடினார்கள்.
நீருக்குள் எவ்வளவு கனத்தேன் என்று
யாரும் பார்க்கவில்லை.

யாரும் என்றால்...

அறையில் வேறு யாரோ இருந்தார்.
சத்தமில்லை, வெளிச்சமில்லை,
உடம்பு சிலிர்க்கவுமில்லை.
நான் எழுதப்போவதைத்
தோளருகே நின்று பார்க்கும் ஒருவர் மாதிரி.
கோபம்கூட இல்லை.
ஒன்பது வருடமாக அங்கேயே நின்ற
கால்வலி மட்டும் தெரிந்தது அவரிடம்.

இருபத்தாறு என்று எழுதினேன்.

சீட்டைப் பார்த்த விவசாயி கத்தினார்:
"எங்க காட்டுக் கிழங்கு இருபத்தெட்டுக்குக் குறையாது.
எல்லாம் திருட்டுக் கூட்டம்!"
பாதி சரிதான் என்று தோன்றியது.

சாயங்காலம் முதலாளி
நோட்டில் இரண்டு பக்கம் பின்னால் போய்ப் பார்த்தார்.
"நாளைக்குப் பேசுவோம்" என்றார்.
இன்னும் பேசவில்லை.

புதன்கிழமை முள் சொன்னதையே எழுதினேன்.
வியாழக்கிழமை
பையனின் ஹாஸ்டல் பணம் ஞாபகம் வந்தது.
இருபத்தாறை இருபத்தைந்து ஆக்கினேன்.
ஒரே ஒரு பாயிண்ட்.
அவர் போய்விடுவார் என்று நினைத்தேன்,
போகவில்லை.

உள்ளே தொட்டிகளில்
அரைத்த பால் ராத்திரி முழுக்க நிற்கும்.
கலக்கக்கூடாது.
காலையில் மேல் தண்ணீரைத் திறந்துவிட்டால்
அடியில் வெள்ளையாக இறுகியிருக்கும்.
எந்த மணிக்குப் படிந்தது என்று
வாட்ச்மேனைக் கேட்டால் சிரிப்பார்.

இந்த ஞாயிறும் சாட்சிக்கு
எழுந்திருக்க மாட்டேன் என்றுதான் நினைக்கிறேன்.
ஒரு பாயிண்டை வைத்துக்கொண்டு என்ன சொல்வது?

வியாழக்கிழமைச் சீட்டின் அடிக்கட்டை
டம்ளருக்கு அடியில் இருக்கிறது.
பின்பக்கம் அந்த ஆளின் நம்பர்.
போட்டுவிட்டேன்.
ரிங் போகிறது.