பர்லியாருக்குக் கீழே

முதல் நாள் அது என்னை இழுத்துக்கொண்டு ஓடியது.
இரண்டே முக்கால் கிலோ எடை,
எருமைக்கன்றின் பிடிவாதம்.
அருவங்காட்டுக் காயலான் கடையில்
நானூற்றைம்பதுக்குக் கிடைத்த சிவப்பு பானெட்டை
இரண்டு டயர்மேல் கிடத்தி,
ஒயரைத் தோளில் போட்டு,
பொத்தானை அழுத்தினேன்.
பஞ்சு வட்டம் சிலிர்த்துக்கொண்டது.
பாலிஷ் கலவை என் கண்ணாடியில், ஸ்வெட்டரில்,
அடுத்த கடை பியூலாவின் கேரட் கட்டுகளில்.
"கேரட்டுக்குமா பாலிஷ் போடுறே?" என்றாள்.
இரண்டு கட்டு நானே வாங்கிக்கொண்டேன்.

இறுக்கினால் முரண்டு பிடிக்கும்.
இது தெரிய நான்கு நாள் ஆயிற்று.
வலது விளிம்பு அழுந்தினால் என்னை விட்டு ஓடும்.
இடது விளிம்பு அழுந்தினால்
அடிவயிற்றை நோக்கி வரும்.
தட்டையாக வைத்து, அதன் எடையை அதனிடமே விட்டால்
எங்கும் போகாது.
கல்லில் கரண்டி சுற்றுவதுபோல்
இருந்த இடத்தில் பேசிக்கொண்டிருக்கும்.

ஒன்றில் வைத்துப் பூசு. மூன்றில் தேய்.
போன தடத்தில் பாதியை மிதித்துத் திரும்பு.
நிற்காதே.
நின்றேன்.
கூட்டுறவு வங்கியின் தவணை ஞாபகம் வந்து
ஒரு நொடி, ஒரே நொடி.
பானெட்டின் நடு மடிப்பில்
சிவப்பு போய்ச் சாம்பல், சாம்பல் போய்த் தகரம்,
எட்டணா அளவில்.
அன்று முழுக்கக் கடைக்குள்
கருகிய பெயின்ட் வாசனை,
அதன்மேல் யாரோ தெளித்த தைல வாசனை.

மடிப்புகளுக்கெல்லாம் டேப் ஒட்டப் பழகினேன்.
மூன்றாவது வாரம்
அதிகரட்டி ஹாலன் கறுப்பு ஸ்கார்ப்பியோவைக் கொண்டுவந்தார்.
குன்னூரில் இரண்டு நாளாய்
எதிர்க் கடையின் பெயர்ப்பலகைகூடத் தெரியாத மூடுபனி.
டியூப்லைட்டின் கீழ் வேலை.
முடித்தபோது கதவில் ஒரு கிணறு திறந்திருந்தது.
ஹாலன் அதில் குனிந்து மீசை சீவினார்,
பேரம் பேசாமல் பணம் தந்தார்,
மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்கிப் போனார்.

பதினோரு மணிக்கு போன்.
"பர்லியார் தாண்டுனதும் வெயில் வந்துச்சும்மா.
வண்டி மேல என்னமோ ஓடுது."
என்ன ஓடுது?
"மயில் தோகை மாதிரி, வளைஞ்சு வளைஞ்சு.
நான் நகர்ந்தா அதுவும் கூட நகருது.
பேரன் அழகா இருக்குங்கிறான்.
எனக்கு அப்படித் தெரியல."

எனக்குப் புரிந்துவிட்டது.
மணிக்கட்டு சாய்ந்த ஒவ்வொரு முறையும்
அந்தக் கறுப்பில் எழுதப்பட்டிருக்கிறது.
இத்தனை நாளும் மூடுபனி
எனக்காகப் பொய்ச்சாட்சி சொல்லியிருக்கிறது.
"சனிக்கிழமை கொண்டாங்க. காசு வேண்டாம்."

வெள்ளி விடியலில்
இலைமூட்டை இறக்கிய டெம்போவில்
சிவப்பு பானெட்டோடு கல்லாறு வரை இறங்கினேன்.
பாக்குத்தோப்பு ஓரம் சாய்த்துவைத்து
வெயிலுக்காகக் காத்திருந்தேன்,
பரீட்சை முடிவுக்குக் காத்திருப்பதுபோல்.
வந்தது.
தோகை, தோகை, தோகை.
இடது மூலையில் மட்டும்
இரண்டு உள்ளங்கை அகலத்துக்கு எதுவும் இல்லை.
சூரியன் ஒரு புள்ளியாய், கூர்மையாய், தனியாய்.
அந்த இடத்தை எப்படித் தேய்த்தேன்?
யோசித்து யோசித்துப் பார்த்தேன்.
அப்போது பியூலா ஷட்டருக்கு வெளியே
கறிவேப்பிலை விலையைப் பற்றி
யாரோடோ சண்டை போட்டுக்கொண்டிருந்தாள்.
நான் கேட்டுச் சிரித்துக்கொண்டிருந்தேன்.
கை தன்பாட்டில் போயிருக்கிறது.

சனிக்கிழமை மெதுவான பஞ்சு, மெல்லிய கலவை.
கதவைத் திறந்துவைத்து
சந்தைச் சத்தத்தை உள்ளே விட்டேன்.
ஆறு மணி நேரம்.
ஹாலன் இந்த முறை மீசையைத் தொடவில்லை.
"கீழ போய்ப் பார்த்துச் சொல்றேன்" என்று கிளம்பினார்.

ஒரு மணி நேரம் ஆயிற்று. போன் அடிக்கவில்லை.
இன்னும் கால் மணி பொறுத்து நானே அடித்தேன்.
"பர்லியார் தாண்டியாச்சா?"
"மேட்டுப்பாளையமே வந்தாச்சும்மா."
"வெயில்ல எப்படி இருக்கு?"

வைப்பர் ஓடும் சத்தம் கேட்டது.

"எங்க வெயிலு? இங்க ஒரே மழை."