கடைமடையில் எபிரெயர் நான்கு

புதன் ஜெபக்கூட்டம், பொறையாறு.
ஒரு வினைச்சொல்லில் மாட்டிக்கொண்டோம்.
'பிரவேசிக்கிறோம்' என்றுதானே இருக்கிறது,
இப்போதே உள்ளேதான் நிற்கிறோம் என்றார் ரூபி டீச்சர்.
செத்த பிறகு என்றார் ஞானாபரணம்.
யோசுவா கானானில் கொண்டுபோய் விட்ட பின்னும்
இன்னொரு நாளைப் பற்றி எதற்குப் பேச்சு?
ஏழாம் நாளுக்கு மட்டும்
சாயங்காலம் எழுதவில்லை, பார்த்தீர்களா
என்று பின்வரிசையில் யாரோ.
சுண்டல் ஆறிப்போயிற்று.

நான் மதகு லஸ்கர். வாய் திறக்கவில்லை.
மேட்டூர் திறந்து பதினோரு நாள்.
கல்லணையில் வந்துவிட்டது என்கிறார்கள்,
கும்பகோணத்தில் வருகிறதாம்,
எங்கள் வாய்க்காலில், வரும்.
ஒரே தண்ணீர்.
எவன் பொய் சொன்னான்?

இரவு இரண்டு மணி.
ஷட்டரில் அடைத்த ஆகாயத்தாமரையை
இடுப்பளவு சேற்றில் நின்று இழுக்கிறேன்.
இளைப்பாற ஜாக்கிரதைப்படுங்கள் என்று எழுதியவனும்
எங்கோ மதகு காத்திருப்பான்.

நுரை. ஒற்றைச் செருப்பு. பிறகு குளிர்ச்சி.
வயிற்றுக்குத்தான் முதலில் தெரிந்தது.

டீச்சருக்குப் போன் போட நினைத்தேன்;
கையெல்லாம் சேறு.

முறைப்படி முதல் பாய்ச்சல்
ஞானாபரணம் வயலுக்கு.
மடையைத் திறந்துவிட்டேன்.
அவர் தூங்குகிறார்.