நிகழ்ச்சியின் பெயர்

சித்திரை பிறக்க மூன்று நாள் இருந்தது.
வெள்ளிக்கிழமை நாடகம்; நூற்றுப்பத்து டிக்கெட் போயிருந்தது.
திங்கள் இரவு பால்மியட் ஆறு
கரையைக் கேட்காமல் ஏறி வந்தது.

வெஸ்ட்வில் குன்றின் மேல் பல்கலைக்கழக அரங்கம்.
கீழே ஆற்றோரத்திலிருந்து பார்த்தால்
ஒரு விளக்கு தெரியும், அவ்வளவுதான்.
அதை நம்பி ஏறி வந்தார்கள்.
தலையில் மெத்தை, கக்கத்தில் கோழி,
பிளாஸ்டிக் பைக்குள் அடையாள அட்டை.
சாவி என்னிடம் இருந்தது. உத்தரவு இல்லை.
சாவி போதும் என்றாள் விளக்குக்காரி கோகிலம்.

ஈரம் மாற்ற உடையறையைத் திறந்தோம்.
ஜரிகை உதிர்ந்த ராஜ அங்கி ஒரு தச்சனுக்கு.
மூன்று பிள்ளைகள் ஒரே சிங்கத்துக்குள்.
நெடிய ம்தொகோசிசிக்குப் பொருந்தியது
போலீஸ் சீருடை ஒன்றுதான்:
அட்டைத் தொப்பி, தகரப் பொத்தான்.

விடிவதற்குள் அவர் முன்னால் ஒரு வரிசை.
அடுப்பு போச்சு. ஆடு போச்சு.
என் தம்பி பாலத்துக்கு அந்தப் பக்கம் நின்றான்.
நான் போலீஸ் இல்லை, பேக்கரியில் வேலை என்று
நாலு பேரிடம் சொல்லிப் பார்த்தார்.
ஐந்தாவது ஆள் வந்தபோது பேனா கேட்டார்.
ஒத்திகைக் குறிப்பேட்டில்
'இங்கே இடி முழக்கம்' என்ற பென்சில் கோட்டுக்குக் கீழே
பெயர்கள்.

செவ்வாய் மாலை மேடையேறி வாசித்தார்.
மைக் வேண்டாம் என்றுவிட்டார்.
'இருக்கேன்' எங்கிருந்து வந்ததோ அங்கே
கோகிலம் வெளிச்சத்தைத் திருப்பினாள்.
எஃப் வரிசையில் ஒருவர், வாய் நிறைய ரொட்டி.
பால்கனியில் ஒருத்தி, தோளில் தூங்கும் குழந்தை.
கழிப்பறையிலிருந்து ஓடிவந்த பையனுக்குக் கைதட்டல்.
அரங்கேற்றம், பாடகர் குழு, பட்டமளிப்பு என்று
இருபது வருடக் கைதட்டலைப்
பின்கதவருகே நின்று எடைபோட்டவள் நான்.
இது கனம்.

லிண்டானி, என்றார்.
மறுபடியும், லிண்டானி.
வெளிச்சம் ஒவ்வொரு நாற்காலியாய்ப் போனது.
கதவு வரை போய்த் திரும்பியது.
எங்கே நிற்பதென்று தெரியாமல்
மேடையின் வெறும் பலகையில் கிடந்தது.
கோகிலம் அணைக்கவில்லை.
ஜூலுவில் அந்தப் பெயருக்குக்
'காத்திருங்கள்' என்று பொருள்.

புதன்கிழமை நிர்வாகத்திலிருந்து படிவம் வந்தது.
நிகழ்ச்சியின் பெயர். பார்வையாளர் எண்ணிக்கை.
நுழைவுக் கட்டணம். இடைவேளை உண்டா, இல்லையா.
கட்டணத்துக்கு நேரே 'நனைந்திருக்க வேண்டும்' என்றெழுதினேன்.
பெயருக்கு நேரே பேனாவை வைத்து
எடுத்துவிட்டேன். இன்னும் அங்கே ஒரு மைப்புள்ளி.

நாடகம் ஜூன் மாதம்தான் நடந்தது.
சீருடை துவைத்து, இஸ்திரி போட்டு வந்திருந்தது.
அதை மாட்டிக்கொண்டு நடிகன் நுழைந்ததும்
வசனத்துக்கு முன்பே
கடைசி மூன்று வரிசை எழுந்து தட்டியது.
பாவம், அவனுக்கு எதுவும் தெரியாது.
முதல் வரியை மறந்து நின்றான்.

அந்த இடைவெளியில்
வெளிச்சம் அவனை விட்டு நழுவி
கதவைத் தொட்டுவிட்டு வந்தது.
குறிப்பேட்டில் அப்படி ஒரு குறிப்பு இல்லை.
நான் கோகிலத்திடம் கேட்கவும் இல்லை.