ஒற்று மிகும் இடம்

எழும்பூர் கவின்கலைக் கல்லூரி,
கடைசி ஆண்டு மாணவர் கண்காட்சி.
மூன்றாம் சுவரில் சாருமதியின் படம்.

கொடியில் காயும் முழுக்கைச் சட்டை.
அதன் பையிலிருந்து கடல் கசிகிறது.
கழுத்துப்பட்டைக்கு மேல்
தலை இருக்கவேண்டிய இடத்தில்
மரக்கைப்பிடி போட்ட ரப்பர் முத்திரை.
தூரத்தில் துடுப்போடு ஓர் ஆஸ்பத்திரிக் கட்டில்.
உச்சியில், நடுவிலிருந்து கொஞ்சம் விலகி
வெள்ளையாக ஒரு வட்டம்.

கடுக்கன் போட்ட விரிவுரையாளர்
விருந்தினர்களுக்கு விளக்கிக்கொண்டிருந்தார்:
முத்திரை, அரசு. கடல், நனவிலி.
சட்டை, இல்லாத தந்தை.
நிலா... நிலா தாய்மை.
எல்லோரும் தலையாட்டினார்கள்.
நானும் ஆட்டினேன்.

அந்தச் சட்டை என்னுடையது.
இடதுகைப் பட்டன் மட்டும் வேறு நிறம்,
அதையும் விடவில்லை அவள்.

கோஷா ஆஸ்பத்திரி, ஐப்பசி மழை.
ஃப்ளாஸ்க்கில் காபி கொண்டுபோனவன் நான், அவ்வளவுதான்.
அச்சகத்தில் நவமணி பைண்டிங், நான் மெய்ப்பு.
எங்களுக்கு நடுவே இருந்தது ஒரு நீள மேசை,
பசை வாடை.
பதிவேட்டோடு கட்டிலருகே வந்த அம்மாள்
நிமிராமல் கேட்டார்: தகப்பனார் பேரு?
நவமணி கூரையைப் பார்த்தாள்.
மின்விசிறி மூன்று சுற்று சுற்றியது.
யாரோ 'தணிகாசலம்' என்றார்கள்.
குரல் என்னுடையதாக இருந்தது.

ரத்தம் கேட்கவில்லை. தாலி கேட்கவில்லை.
அடுத்த கட்டிலில் வேறொரு குழந்தை அழுதது,
அம்மாள் அங்கே போய்விட்டார்.

மண்டல அலுவலகத்தில் சான்றிதழ் கொடுத்தார்கள்.
தந்தையின் பெயர்: தணிக்காசலம்.

பன்னிரண்டு வருஷம்
பிறர் பிழையில் பிழைத்தவன் நான்.
கை தானாகச் சிவப்புப் பேனாவுக்குப் போனது.
அங்கே ஒற்று மிகாது.
எந்த இலக்கணத்திலும் மிகாது.

யார் இந்தத் தணிக்காசலம்?
என்னைவிட ஓர் எழுத்து எடை கூடியவர்.
சட்டப்படி அப்பா அவர்தான்;
நான், அவர் பெயரில் ஆள்மாறாட்டம்.

திருத்த மனு போட்டால் கேள்வி வரும்.
கல்யாணச் சான்று எங்கே என்பார்கள்.
ஒரு நூலை இழுத்தால் மொத்தத் தையலும் போய்விடும்.
அதனால்
சான்றிதழை விட்டுவிட்டு என்னைத் திருத்திக்கொண்டேன்.
அண்ணா சாலை, படிவம், கட்டணம், இரண்டு புகைப்படம்.
'தணிகாசலம் ஆகிய நான்
இனி தணிக்காசலம் என்றே அழைக்கப்படுவேன்.'
அரசிதழ், ஆறாம் பக்கம், பொடி எழுத்து.
காரணம் கேட்ட எழுத்தரிடம்
எண்கணிதம் என்றேன்.
கூட்டிப் பார்த்துவிட்டு,
நல்ல நம்பர் சார் என்றார்.

உயிர் யாருடையது என்று
நவமணி சொன்னதில்லை, நான் கேட்டதில்லை.
எனக்குக் கிடைத்தது ஒரு மெய்.
மெய்க்கு அரை மாத்திரைதானே.
ஞாயிற்றுக்கிழமைகளில்
பரோட்டா பொட்டலத்தோடும், பள்ளிக் கட்டண ரசீதோடும்
வந்துபோனேன்.
'அப்பா' என்று அவள் கூப்பிடும்போது
சில சமயம் பின்னால் திரும்பிப் பார்த்திருக்கிறேன்,
அவர் வந்துவிட்டாரோ என்று.

விரிவுரையாளர் அடுத்த படத்துக்கு நகர்ந்தார்.
நான் நகரவில்லை.

நிலா என்றால் கடலில் வெளிச்சம் விழுந்திருக்கும்.
விழவில்லை.
வட்டத்துக்கு நேர் கீழே, அலைக் கோடுகளுக்குள்
ஒரு 'க' படுத்துக் கிடந்தது.

பழைய அரசிதழை எந்தப் பெட்டியில் பார்த்தாள்,
என்ன கூட்டினாள், என்ன கழித்தாள்,
தெரியவில்லை.

'புரியுதாப்பா?' பின்னாலிருந்து சாரு.
விரல் நகங்களில் நீலம்.
'நிலா நல்லாருக்கு' என்றேன்.
'ம். எல்லாரும் அதான் சொல்றாங்க.'
படத்தின் ஓரத்தில் 'த. சாருமதி' என்று இருந்ததை
இருவரும் பார்க்காததுபோல் நின்றோம்.

அவள் யாரையோ அழைக்கப் போனபோது
விரலால் வட்டத்தை ஒற்றிப் பார்த்தேன்.
ஈரம்.

பெரம்பூர் பஸ்ஸில்
டிக்கெட்டின் மேல் ஒரு வெள்ளைப் புள்ளி
என் கையிலிருந்து இறங்கியிருந்தது.
ஓட்டேரியில் செக்கிங் ஏறினார்.
வாங்கினார், வெளிச்சத்தில் பிடித்தார்,
திருப்பிப் பார்த்தார்,
ஒன்றும் சொல்லாமல் கொடுத்துவிட்டார்.